மஞ்சள் ரோசாவும் கரும்புள்ளி நோயும்

மலர்ச் செடிகளுள் ரோசாவைப் போல மனிதராற் போற்றி வளர்க்கப்பட்டது வேறொன்று இருத்தல் அரிது. அதனைப் போல ஓயாது மருந்து தெளித்துக் காக்கப்பட்டதும் அரிதேயாம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேல்நாடுகளில் ரோசாத் தோட்டம் வைத்திருந்தோர், வாரந்தோறும் கந்தகத்தையோ செம்புக் கரைசலையோ புதிதாக வந்த வேறொரு நஞ்சையோ இலைகளின் மீது தெளிப்பதைத் தோட்ட வேலையின் பிரிக்க முடியாத பகுதியாகவே கொண்டிருந்தனர். ஆயினும் அதே நாடுகளின் வேலியோரங்களிலும் கடற்கரை மணல்மேடுகளிலும், எவரும் ஏறெடுத்துப் பாராத காட்டு ரோசாக்கள், ஒரு துளி மருந்தும் காணாமலே பெரும்பாலும் பசுமை குன்றாது நின்றன. ஒரே குலத்திற் பிறந்த இவ்விரண்டினுக்குமிடையே இத்துணை வேற்றுமை எவ்வாறு வந்தது? காட்டுச் செடிக்கு இருந்த வலிமை தோட்டத்துச் செடிக்கு ஏன் இல்லாமற் போயிற்று? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1900ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒரு மலரிடம் செல்ல வேண்டியவராகின்றனர்.

அதற்கு முன், நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். ரோசாவைப் பீடிக்கும் நோய்கள் பல. வெண்பூஞ்சணம் ஒன்று, துரு நோய் ஒன்று. இவற்றுள் தோட்டக்காரரை மிகவும் வருத்தியது கரும்புள்ளி நோயாகும். மால்மெடி நகரத்துத் தாவரவியலாளரான மரீ ஆன் லிபேர் என்னும் பெண்மணி, இந்நோய்க்குக் காரணமான பங்கசை 1827ஆம் ஆண்டிலேயே விவரித்துப் பெயரிட்டார். அதன் முழு வாழ்க்கை வரலாற்றை 1912இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வூல்ஃப் வெளிப்படுத்தினார். இலையின் மேற்பரப்பில் விளிம்பு சிதறிய கரும்பொட்டு ஒன்று முதலில் தோன்றும். அதனைச் சுற்றி இலை மஞ்சளிக்கும். சில நாட்களில் இலை உதிரும். செடி ஒரே பருவத்தில் மடிந்துவிடுவதில்லை. இலையுதிர்ந்த செடி தன் தண்டிலே சேர்த்து வைத்த உணவைச் செலவிட்டு மீண்டும் துளிர்க்கும். துளிர் மீண்டும் உதிரும். இவ்வாறு முதலைத் தின்று வாழும் குடும்பத்தைப் போல அது ஆண்டுக்காண்டு மெலிந்து, ஒரு கடுங் குளிர்காலத்தில் முற்றாகப் பட்டுப்போகும்.

இப்பங்கசின் வித்தி காற்றிலே நெடுந்தூரம் பறப்பதன்று. மழைத்துளி தெறிக்கும்போது அத்துளியோடு சேர்ந்தே அது இலைக்கு இலை தாவுகிறது. தாவிய இலையின் மேல் ஏறக்குறைய ஏழு மணி நேரமேனும் ஈரம் நிலைத்திருந்தாலன்றி அது முளைத்து உட்புக மாட்டாது. உட்புகுந்தபின் அதனை வெளியேற்ற வழியில்லை. இலங்கை நேயர்களுக்கு இச்செய்தி முற்றிலும் புதியதன்று. 1869ஆம் ஆண்டில் இந்நாட்டுக் கோப்பித் தோட்டங்களிலே தோன்றி, பின்னர் அவற்றை அழித்தொழித்த இலைநோயை ஆராயும்பொருட்டு, 1880 முதல் 1882 வரை இங்கு தங்கிப் பணியாற்றிய மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலேய இளைஞர் கண்டறிந்ததும் இதனை ஒத்ததே. ஈரத்தில் முளைத்த வித்தி கோப்பி இலையின் உள்ளே சென்றுவிட்டால், அதன்பின் வெளியே பூசும் மருந்தினாற் பயனில்லை என்று அவர் காட்டினார். இலைநோய்களைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில் நம் நாட்டு மலைகளுக்கும் ஓர் இடம் உண்டு. அதற்குக் கொடுத்த விலைதான் பெரிது.

இனி ரோசாவின் கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த ரோசாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை பூப்பவை. வெண்மை, இளஞ்சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு என்னும் நிறங்களே அவற்றில் இருந்தன. 1790களிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனத்திலிருந்து வந்த ரோசாக்கள் திரும்பத் திரும்பப் பூக்கும் தன்மையைக் கொண்டுவந்தன. அவற்றின் கலப்பால், 1867இல் ‘லா பிரான்ஸ்’ முதலாக, இக்காலத்துப் பெருமலர் ரோசா இனம் எழுந்தது. வெளிர்மஞ்சள் கலந்த சில மலர்கள் அவ்வினத்தில் உண்டாயின. ஆனால் பொன்னைப் போன்ற, கண்ணைப் பறிக்கும் ஆழ்ந்த மஞ்சள் மட்டும் எவர் கைக்கும் எட்டவில்லை.

அந்நிறம் ஒரேயொரு குடியிலே இருந்தது. காகசிய மலைகள், ஈரான், மத்திய ஆசியா ஆகிய வறண்ட பகுதிகளுக்குரியதும், தன் மணத்தின் குறையால் ‘நாற்றமுடையது’ என்னும் பொருள்படும் ‘ரோசா பெட்டிடா’ என்று இலத்தீனிற் பெயர் பெற்றதுமான காட்டு ரோசா அது. அதன் அடுக்கிதழ் வகையொன்றைப் பாரசீகத்தில் இராஜதந்திரியாக இருந்த சேர் ஹென்றி வில்லொக் 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். ‘பாரசீக மஞ்சள்’ என்று அது வழங்கப்பட்டது. நிறம் அற்புதமானது, ஆயினும் அது மற்ற ரோசாக்களோடு எளிதிற் கலவாதது. அதன் மகரந்தம் குறைவு. காய் பிடிப்பது அதனினும் குறைவு.

இவ்வரிய செயலிற் கைவைத்தவர் லியோன் நகரத்து நாற்றுப்பண்ணையாளர் யோசெப் பேர்னே டூஷே. இவர் 1859இற் பிறந்தவர். ரோசா வளர்ப்பிற் பெயர்பெற்ற டூஷே குடும்பத்தில் மணம் செய்து, அக்குடும்பப் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1883ஆம் ஆண்டு தொடக்கம் பல பருவங்களாக, ‘அந்துவான் டூஷே’ என்னும் சிவப்பு ரோசாவின் சூலகத்திலே பாரசீக மஞ்சளின் மகரந்தத்தைத் தூவிவந்தார். பெரும்பாலான முயற்சிகள் வீணாயின. கிடைத்தவை சில விதைகள். முளைத்தவை அவற்றினும் சில. அம்முயற்சியின் வழியாக 1893இல் அவர் கண்ட ஒரு நாற்று, செம்மையும் பொன்மையும் கலந்த நிறத்தில் மலர்ந்தது. அதனை ஏழாண்டுகள் சோதித்துப் பெருக்கி, 1900இல் ‘சொலேய் டோர்’, அதாவது ‘பொற்கதிரவன்’, என்னும் பெயருடன் உலகுக்கு அளித்தார். 1910இல் தெளிந்த மஞ்சள் நிறமுடைய ‘ரயோன் டோர்’ வந்தது. லியோன் நகரத்து மந்திரவாதி என்று மக்கள் அவரை அழைக்கலாயினர்.

முதலாம் உலகப் போர் அவருடைய இரு புதல்வரையும் கொண்டு சென்றது. தந்தையின் தொழிலைத் தொடர வேண்டிய குளோடியஸும் ஜோர்ஜும் போர்க்களத்தில் மாண்டனர். 1920இல் வெளிவந்த மஞ்சள் ரோசாவொன்றுக்கு மூத்தவரின் நினைவாகவும், மறுவருடத்து மலருக்கு இளையவரின் நினைவாகவும் பெயரிட்டார். ‘குளோடியஸ் பேர்னேயின் நினைவு’ என்னும் அம்மஞ்சள் மலர் அக்காலத்து ரோசா வளர்ப்பாளர் எல்லாருக்கும் தாய்ச்செடியாயிற்று. 1945இல் உலகெங்கும் பரவிய ‘பீஸ்’ என்னும் புகழ்பெற்ற ரோசாவின் வமிசாவளியிலும் அதன் பெயர் காணப்படுகிறது. இன்று ஒரு பூக்கடையிற் காணும் மஞ்சள், செம்மஞ்சள், தாமிர நிற ரோசாக்களுள் பேர்னே டூஷேயின் கைபடாத வழியில் வந்தவை மிகச் சிலவே எனலாம்.

ஆனால் நிறத்தோடு நோயும் வந்தது. பாரசீக மஞ்சளின் தாயகத்திற் கோடைக்காலம் வறண்டது. இலைமேல் ஈரம் நின்று தங்கும் நாட்கள் அங்கே சில. நீரின்றி வாழமாட்டாத ஒரு பங்கசுக்கு எதிராக அச்செடி தன்னைக் காத்துக்கொள்ளும் தேவை ஏற்படாதிருந்தமையே அதன் பலவீனத்துக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. வறண்ட மலைச்சாரலிலே குறையாகத் தெரியாத அப்பலவீனம், மழையும் பனியும் நிறைந்த மேற்கு ஐரோப்பாவிற் பெருங் குறையாயிற்று. பொன்னிறத்தைப் பெற்ற ஒவ்வொரு புதிய செடியும் அதன் கூடவே கரும்புள்ளி நோய்க்கு இணங்கும் இயல்பையும் பெற்றது. பேர்னே டூஷேயைக் குறை சொல்வது நியாயமாகாது. மலர்க் காட்சிகளிற் பரிசு கொடுத்தவர்கள் பூவையே பார்த்தனர். இலையை எவரும் பார்க்கவில்லை. வாங்கியவர்களும் அப்படியே. இலை உதிர்ந்தால் மருந்தடிக்கலாம் என்பது அக்காலத்து நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது: பூஞ்சணத்துக்குக் கந்தகம் நல்லது என்று 1821இலேயே தெரிந்திருந்தது. திராட்சை நோய்க்குச் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவை 1885இல் வெற்றி தந்திருந்தது.

இதனிடையே இங்கிலாந்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நிலக்கரிப் புகை சூழ்ந்த கைத்தொழில் நகரங்களிற் கரும்புள்ளி நோய் அரிதாகவே காணப்பட்டது. காற்றுத் தூய்மையான நாட்டுப்புறத் தோட்டங்களிலே அது தாண்டவமாடியது. 1952 டிசெம்பரில் இலண்டன் மாநகரைக் கவிந்த நச்சுப் புகைமூட்டத்தினால் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்; அதன் விளைவாக 1956இல் காற்றுத் தூய்மைச் சட்டம் நிறைவேறியது. புகை குறையத் தொடங்கிய நகரங்களில் ரோசாச் செடிகள் நோய்ப்படலாயின. 1966இல் சோண்டர்ஸ் என்னும் ஆய்வாளர் இதன் காரணத்தைச் சோதனையாற் காட்டினார். புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு வாயு கரும்புள்ளிப் பங்கசை ஒடுக்கவல்லது. மனிதரின் நுரையீரலை அரித்த நஞ்சு, அவர்கள் அறியாமலே அவர்களுடைய ரோசாக்களுக்கு மருந்தாக இருந்துவந்தது. மக்களின் உயிருக்காகப் புகையை நீக்கிய சமுதாயம், ரோசாவுக்காக வேறு நஞ்சுகளைப் போத்தலில் வாங்கத் தொடங்கியது. 1960களின் இறுதியில் வந்த பெனோமில் என்னும் மருந்து செடியின் உள்ளேயே ஊடுருவிச் சென்று பங்கசை அழித்தமையால் பெரிதும் வரவேற்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு அஞ்சாத பங்கசுகள் பல பயிர்களில் தோன்றிவிட்டன. 2001இல் அதன் தயாரிப்பாளரே அதனைக் கைவிட்டனர்.

மருந்தின்றிச் செடியையே வலிமைப்படுத்தும் வழியைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஜேர்மானியரான வில்ஹெல்ம் கோர்டெஸ். 1891இற் பிறந்த இவர், முதலாம் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்திலே நாற்றுப்பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். பகைநாட்டவர் என்ற காரணத்தால் மான் தீவில் அடைத்துவைக்கப்பட்டார். போர் முடியும்வரை நீண்ட அச்சிறைவாசத்தை அவர் இனக்கலப்பு இயலைக் கற்பதிலே செலவிட்டார். விடுதலையாகித் தாயகம் திரும்பியபின், வட ஜேர்மனியின் ஸ்பாரீஸ்ஹோப் என்னும் ஊரிலுள்ள குடும்பப் பண்ணையிற் கலப்பு வேலையைத் தொடங்கினார். அவர் நாடிய குணங்கள் பூவின் அழகோடு நின்றுவிடவில்லை. வடபுலத்துக் குளிரைத் தாங்க வேண்டும். இலை நோயின்றி இருக்க வேண்டும்.

அதற்கு அவர் நாடிய செடி ‘மாக்ஸ் கிராஃப்’. ஜப்பானிய, கொரியக் கடற்கரைகளில் உப்புக்காற்றிலே வளரும் சுருக்க இலை ரோசாவும், மினுங்கும் இலைகளோடு தரையிற் படரும் ஜப்பானிய ரோசாவொன்றும் கலந்து பிறந்து, 1919இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட செடி அது. நோய் அதனை எளிதில் அணுகாது. கடற்கரை ரோசாவின் இலைக்கு மருந்து தெளித்தால் அம்மருந்தே இலையைக் கருக்கிவிடும் என்பது தோட்டக்காரர் அறிந்த செய்தி. தனக்கு வைத்தியம் வேண்டாம் என்று அச்செடியே சொல்வது போலிருக்கும். ஆனால் மாக்ஸ் கிராஃப் ஏறக்குறைய மலடு. கோர்டெஸ் ஆண்டுகள் பல காத்திருந்தார். 1940ஆம் ஆண்டளவில், அபூர்வமாகக் கிடைத்த விதைகளிலிருந்து இரு நாற்றுகள் கிடைத்தன. ஒன்று குளிரில் மடிந்தது. மற்றது பிழைத்தது, பிழைத்தது மட்டுமன்றிக் காய்க்கவும் செய்தது. தாய்ச்செடியில் 14 ஆக இருந்த நிறமூர்த்தங்கள் இந்நாற்றிலே தாமாகவே இரட்டித்து 28 ஆகியிருந்தன. தோட்டத்துப் பெருமலர் ரோசாக்களுக்கும் நிறமூர்த்தங்கள் 28. ஆகவே இரண்டையும் கலப்பதற்குத் தடையாயிருந்த கதவு திறந்தது. 1951இல் இச்செடி தனி இனமாகக் கொள்ளப்பட்டு ‘ரோசா கோர்டெசி’ என்று பெயர் பெற்றது. 1955இல் ‘டோர்ட்முண்ட்’, 1957இல் ‘பார்க்டிரெக்டர் ரிகெர்ஸ்’ முதலிய கொடி ரோசாக்கள் அதன் வழியாக வந்தன. கனடா நாட்டு ஒட்டாவா நகரில் பெலிசிதாஸ் ஸ்வைடா என்னும் அம்மையார் பனிநாட்டுக்கென உருவாக்கிய ‘ஜோன் கபொட்’ முதலியனவும் அவ்வழியினவே.

கோர்டெசின் மற்றொரு முயற்சி இதனினும் முக்கியமானது என்று சொல்ல இடமுண்டு. புதிய ரோசாக்களைப் பல்வேறு இடங்களில் நட்டுச் சோதித்து, தேறியவற்றுக்கு மட்டும் முத்திரை வழங்கும் பொதுச் சோதனை முறையொன்று 1948இல் அவருடைய தூண்டுதலால் ஜேர்மனியில் ஏற்பட்டது. பூவின் அழகோடு இலையின் நலமும் அங்கே மதிப்பெண் பெற்றது. கோர்டெஸ் 1976இற் காலமானார். அவருடைய குடும்பத்தார் 1990ஆம் ஆண்டளவிலே தம் சோதனை வயல்களிற் பங்கசுக்கொல்லி தெளிப்பதையே நிறுத்தினர். அதுவரை நலமுள்ளவைபோலத் தோன்றிய செடிகள் பல, மருந்துத் திரை நீங்கியதும் இலையுதிர்ந்து நின்றன. அவை பிடுங்கி எறியப்பட்டன. ஒரு ரோசாவைக் கலப்பிலிருந்து கடைக்குக் கொண்டுவர ஏறக்குறைய பத்தாண்டு செல்லும் தொழிலில் இவ்வாறு செய்வது பெருந்துணிவேயாகும். 1997 முதல் நாட்டின் பொதுச் சோதனையும் மருந்தின்றியே நடைபெறலாயிற்று. இன்று அம்முத்திரை பெற்றவற்றுள் மஞ்சள் ரோசாக்களும் உள்ளன என்பது பேர்னே டூஷேயின் கதையை அறிந்தோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவருடைய சொந்த நாடாகிய பிரான்சில், 2017 முதல் பொதுப் பூங்காக்களிலும், 2019 முதல் வீட்டுத் தோட்டங்களிலும் செயற்கை நஞ்சுகளைப் பயன்படுத்துவது சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது.

செடியின் குலம் நல்லதாயினும் அதனை வைத்திருக்கும் முறை பிழைத்தால் நோய் வரும். இவ்விடத்தில் விஞ்ஞானம் பழைய தோட்டக்காரரின் பழக்கங்களுக்கே சான்று பகர்கிறது. வித்தி உதிர்ந்த இலையிலும் நோயுற்ற தண்டிலும் தங்கியிருந்து அடுத்த மழையிலே மேலேறுமாதலால், விழுந்த இலைகளைக் கூட்டியள்ளி எரித்தலும் நோய்த்தண்டுகளை வெட்டி நீக்கலும் வேண்டும். அடிமண்ணைச் சருகாலோ தொழுவெருவாலோ மூடிவைத்தால் துளி தெறிப்பது குறையும். நீரை இலைமேல் ஊற்றாது, காலையில் வேரடியில் ஊற்றுவதும், செடிக்குச் செடி இடைவெளி விட்டு வெயிலும் காற்றும் புக விடுவதும் இலை விரைவில் உலர்தற்கே. வெண்பூஞ்சணத்தின் போக்கு மாறானது. அதன் வித்திக்கு நின்ற நீர் ஆகாது. நீரைக் கண்டு ஒன்று பெருகவும் மற்றொன்று ஒடுங்கவும் இருப்பதால், எல்லா நோய்க்கும் ஒரே விதி சொல்லும் கைநூல்களை அப்படியே நம்புதல் ஆகாது. நுவரெலியாவைப் போன்ற ஈரமும் குளிரும் உள்ள மலைநாட்டில் ரோசா வளர்ப்போர்க்கு இடைவெளியும் வெயிலுமே முதற்கவலையாதல் வேண்டும்.

அமெரிக்காவிலே, விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் என்பவர் மருந்தை நிறுத்தியதோடு அமையாமல், நோயுற்ற இலைகளைச் சேர்த்து உலர்த்திப் பொடித்துத் தம் நாற்றுகளின் மேல் வேண்டுமென்றே தூவினார். அச்சோதனையைத் தாங்கி நின்ற செடியே 2000ஆம் ஆண்டில் ‘நொக் அவுட்’ என்னும் பெயருடன் வெளிவந்தது. கரும்புள்ளி நோய்க்கு அஞ்சாத அச்செடி அந்நாடெங்கும் கோடிக்கணக்கில் நடப்பட்டது. ஒரே செடி எங்கும் நிறைந்தபோது வேறொரு நோய் அதனை வந்தடைந்தது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியொன்று பரப்பும் வைரசு நோய் அது. தளிர்கள் செக்கச் சிவந்து துடைப்பம்போற் கொத்தாகிச் செடி மாளும். வட அமெரிக்காவில் 1940களிலேயே காணப்பட்ட அந்நோய்க்கு இடங்கொடுத்துவந்தது பல்பூ ரோசா என்னும் ஆசியக் காட்டு ரோசா. மண்ணரிப்பைத் தடுக்கும் உயிர்வேலியாக 1930களில் அரசாங்கமே உழவர்களுக்கு அதனைப் பரிந்துரைத்திருந்தது. அதே பல்பூ ரோசாவிலிருந்துதான் கரும்புள்ளியை எதிர்க்கும் பரம்பரையலகு ஒன்றையும் ஹனோவர் நகரத்து ஆய்வாளர் கண்டெடுத்துள்ளனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவ்வகைப் பரம்பரையலகு ஒன்றையே நம்பி நிற்கும் செடிக்கு நிலையான பாதுகாப்பில்லை. கரும்புள்ளிப் பங்கசிலும் பல குடிகள் உண்டு. ஒரு குடியைத் தடுக்கும் இலை மற்றொரு குடிக்கு வழிவிடும். ஒரு நாட்டிலே பத்தாண்டு நலமாக நின்ற ரோசா, புதுக்குடி வந்து சேர்ந்த பருவத்திலே திடீரென இலையுதிர்த்த நிகழ்ச்சிகள் உண்டு. இக்காரணம் பற்றியே ஜேர்மானியச் சோதனைக்குழுவினர் தாம் வழங்கிய முத்திரையை என்றைக்குமாக வழங்குவதில்லை. முன்னர் தேறிய செடிகளையும் அவர்கள் மீண்டும் பார்வையிடுகின்றனர். நலங்குன்றியவற்றிடமிருந்து முத்திரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றனர்.